மேக்னம் ரிவால்வர் பற்றி எழுதுமுன் அந்தக் காலத்துப் பத்திரிகைகளைப் புரட்டுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் என்ற அமெரிக்க கம்பெனியின் .357 மேக்னம் ரிவால்வர் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று, 1935-இல் "மாடல் 27" அறிமுகமானது என்ற வரி. 1935-இல் துப்பாக்கி இருந்தது, அந்தப் பெயர் இல்லை. அந்த கம்பெனி தன் ரிவால்வர்களுக்கு மாடல் எண் கொடுக்க ஆரம்பித்ததே 1957-இல்தான். இன்னொன்று, குண்டு நொடிக்கு 1,515 அடி வேகத்தில் பாயும் என்று போட்டுவிட்டு, எவ்வளவு நீளக் குழலில் வைத்துச் சுட்டபோது என்பதைச் சொல்லாமல் விட்டது.

இரண்டும் உங்கள் கட்டுரையாளரே உண்டாக்கிய தவறுகள் இல்லை. இந்த ரிவால்வர் பற்றி இன்று எழுதுபவர்களில் பாதிப்பேர் முந்தியவர் எழுதியதைப் பார்த்து எழுதுகிறார்கள், அந்த முந்தியவரும் அவருக்கு முந்தியவரைப் பார்த்து எழுதியவர்தான். 1935-இலும் 36-இலும் அமெரிக்கப் பத்திரிகைகளில் இதைக் கையில் வாங்கிச் சுட்டுப் பார்த்தவர்கள் என்ன எழுதினார்கள் என்று தேடிப் போகிறவர்கள் குறைவு. எனக்கு அந்தத் தேடலில்தான் பைத்தியம், துப்பாக்கியின் மேல்கூட அவ்வளவு இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பின்னணி. அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச்சாராயக் கும்பல்கள் காரில் பறந்தன, போலீஸ் இடுப்பில் இருந்த சாதாரண .38 ரிவால்வரின் குண்டு கார்க் கதவைத் துளைக்கத் திணறியது. அதற்காக 1930-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பெரிய உடம்பில் .38/44 ஹெவி டியூட்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தது, அடுத்த வருஷமே அதன் குறிபார்ப்பு வசதியை மாற்றி அவுட்டோர்ஸ்மன் என்று இன்னொன்று. அதோடு நிற்காமல், தோட்டா நிரப்பும் பரிசோதனைகளில் ஊறிய பிலிப் ஷார்ப், இதற்குள் இன்னும் வலுவான தோட்டாவைப் போடலாம் என்று கம்பெனியின் டக்ளஸ் வெஸ்ஸனை நச்சரித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் .357 மேக்னம் என்ற அந்தத் தோட்டாவை வின்செஸ்டர் கம்பெனி செய்தது. அதன் பித்தளை உறையை வழக்கமான .38 தோட்டாவான .38 ஸ்பெஷலைவிட ஏறக்குறைய அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு நீட்டினார்கள். பழைய .38 ரிவால்வரில் யாராவது தெரியாமல் இதைத் திணித்துச் சுட்டால் விபத்தாகிவிடும் என்பதால், தோட்டா போடும் சிலிண்டருக்குள் போய் உட்காராதபடியே நீளம் வைத்தார்கள்.

1935-இல் ரிவால்வர் வந்தது. விலை 60 டாலர். பொருளாதாரம் படுத்துக் கிடந்த அந்த நாளில் ஒரு கைத்துப்பாக்கிக்கு அது கண்ணைக் கட்டும் விலை. வாங்குபவர் கேட்டபடிதான் ஒவ்வொன்றையும் செய்தார்கள்: குழல் நீளம் மூன்றரை அங்குலத்திலிருந்து எட்டே முக்கால் அங்குலம் வரை, கால் அங்குலம் கால் அங்குலமாக எது வேண்டுமானாலும் கேட்கலாம். வாங்கியவர் பெயரைப் பதிவுசெய்து எண் போட்ட சான்றிதழும் உண்டு. முதல் துப்பாக்கி எஃப்.பி.ஐ. தலைவர் ஜே. எட்கர் ஹூவருக்குப் போனது. 1939-இல் இந்தப் பதிவு முறையை நிறுத்தும் வரை சுமார் 5,500 வெளியே வந்தன. இன்று சேகரிப்பாளர்கள் "ரெஜிஸ்டர்டு மேக்னம்" என்று உருகுவது இந்தத் துப்பாக்கிகளைத்தான்.

பழைய கட்டுரைகளைத் தேடுகிறவர் முதலில் முட்டிக்கொள்வதும் இந்தப் பெயர்களில்தான். "மாடல் 27" என்று தேடினால் 1957-க்கு முந்தைய ஒரு பக்கமும் வராது. "ரெஜிஸ்டர்டு மேக்னம்" என்று போட்டால் பிற்காலச் சேகரிப்பாளர்கள் எழுதியவைதான் கொட்டும். அன்றைக்கு எழுதியவர்கள் ".357 மேக்னம்" என்றார்கள், அல்லது வெறுமனே "புதிய மேக்னம்", "எஸ். அண்ட் டபிள்யூ. மேக்னம்" என்றார்கள். அப்படித்தான் தேட வேண்டும். அப்புறம், ஸ்கேன் செய்த பக்கத்தைக் கம்ப்யூட்டர் படிக்கும்போது .357-இன் முன்னால் இருக்கும் புள்ளியை விழுங்கிவிடும், சில சமயம் 5 என்பதை எஸ் என்ற எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பத்திரிகையில் பத்தி குறுகலானது, மேக்னம் என்ற சொல் வரிக் கடைசியில் இரண்டாக உடைந்து கிடக்கும், தேடுபொறிக்கு அது மேக்னமாகவே தெரியாது. அதனால் துப்பாக்கியின் பெயரைவிட ஆட்களின் பெயரைச் சேர்த்துத் தேடுவது நல்ல பலன் தரும்: வெஸ்ஸன், ஷார்ப், கீத் (துப்பாக்கி எழுத்தாளர் எல்மர் கீத்), வின்செஸ்டர். இவற்றில் இரண்டு பெயர் ஒரே பக்கத்தில் விழுந்தால் அந்தப் பக்கத்தை விடாதீர்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். எல்மர் கீத் அந்தக் காலத்தில் எழுதிவந்த ஒரு பத்திரிகையின் பெயர் "தி அவுட்டோர்ஸ்மன்". மேலே சொன்ன ரிவால்வரின் பெயரும் அவுட்டோர்ஸ்மன். இரண்டையும் பிரித்தெடுப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

எந்தப் பத்திரிகைகளில் தேடுவது? அமெரிக்காவின் தேசிய ரைஃபிள் சங்கத்தின் "அமெரிக்கன் ரைஃபிள்மன்" முதலில். வேட்டைக்காரர்கள் படித்த "அவுட்டோர் லைஃப்", "ஃபீல்டு அண்ட் ஸ்ட்ரீம்" அடுத்து. கைத்துப்பாக்கிகளைப் பற்றி நிறைய எழுதிய "கன்ஸ்" பத்திரிகை 1955-இல்தான் தொடங்கியது, "கன்ஸ் அண்ட் அம்மோ" 1958-இல். அதனால் .357 பிறந்த காலத்துச் செய்தியை அவற்றில் எதிர்பார்க்கக் கூடாது, வந்தால் அது நினைவுக் கட்டுரைதான். இரண்டாம் உலகப்போர் வந்ததும் இந்த ரிவால்வரின் உற்பத்தியே நின்றுவிட்டதால் நாற்பதுகளில் தேடுவதும் பெரும்பாலும் வீண் வேலை. அமெரிக்க ராணுவத் தளபதி ஜெனரல் பேட்டனின் படங்கள் வேண்டுமானால் கிடைக்கும்: அவர் இடுப்பில் இருந்த மூன்றரை அங்குல மேக்னம், தந்தப் பிடி போட்டது. அதை "முத்துப் பிடி" என்று தப்பாக எழுதிய செய்தி எத்தனை!

அட்டையில் இருக்கும் மாதத்தை அப்படியே நம்பி வருஷக் கணக்குப் போடுவதும் ஆபத்து. மாத இதழ்கள் அட்டையில் போட்டிருக்கும் மாதத்துக்கு முன்பே கடைக்கு வந்துவிடும், கட்டுரை அதற்கும் பல வாரம் முன்பே அச்சுக்கூடத்துக்குப் போயிருக்கும். ஜனவரி இதழில் "இப்போது வந்திருக்கிறது" என்று இருந்தால் அந்த "இப்போது" முந்தைய வருஷத்தின் இலையுதிர் காலம். முதலில் எழுதியவர் யார் என்ற சண்டையில் பாதி இந்த ஒரு விஷயத்தைக் கவனித்தாலே அடங்கிவிடும்.

இணையத்தில் முழுசாகக் கிடைப்பது கொஞ்சம்தான். "கன்ஸ்" தன் பழைய இதழ்கள் பலவற்றைத் தானே பிடிஎஃப்பாகப் போட்டிருக்கிறது, அது பெரிய புண்ணியம். மற்றவற்றுக்கு கூகுள் புக்ஸில் துண்டு துண்டாக நாலு வரி காட்டும். அங்கே ஒரு தொல்லை: வருஷக் கணக்கில் வந்த தொகுதிகளுக்கு அது போட்டிருக்கும் தேதி பல நேரம் தப்பாக இருக்கும், சில சமயம் பத்திரிகை தொடங்கிய வருஷத்தையே எல்லாத் தொகுதிக்கும் ஒட்டியிருப்பார்கள். அந்த நாலு வரியை நம்பி "1885 இதழில் மேக்னம்" என்று எழுதினால் சிரிப்பார்கள். ஹாத்திட்ரஸ்ட் என்ற நூலகக் கூட்டமைப்பின் தளம் இதற்குக் கை கொடுக்கும். உரிமை காரணமாகப் பக்கத்தைக் காட்டாவிட்டாலும், நீங்கள் தேடிய சொல் அந்தத் தொகுதியில் எந்தெந்தப் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்று சொல்லிவிடும். ஆண்டு முழுக்கத் தொடர்ந்து பக்க எண் போடும் பத்திரிகை என்றால் எண்ணை வைத்தே மாதத்தைக் கணக்கிடலாம். ஒவ்வொரு இதழிலும் ஒன்றிலிருந்து தொடங்கும் பத்திரிகை என்றால், அதே தொகுதியில் மாதப் பெயர்களையும் தேடிப் பக்கத்தில் எது வருகிறது என்று பார்க்க வேண்டும். மாதமும் பக்கமும் கையில் வந்துவிட்டால் அப்புறம் நூலகங்களுக்கு இடையிலான இரவல் முறையில் அந்த நாலு பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிவிடலாம். "மேக்னம் பற்றி ஏதாவது இருந்தால் அனுப்புங்கள்" என்று கேட்டால் எந்த நூலகரும் அசைய மாட்டார். இதழ், மாதம், பக்கம் மூன்றையும் எழுதினால் வேலை சட்டென்று நடக்கும்.

இங்கேதான் எனக்குப் பெரிய ஆதங்கம். பெரிய நூலகங்கள் பன்னிரண்டு மாத இதழ்களை ஒன்றாகச் சேர்த்துத் தடித்த அட்டை போட்டுக் கட்டும்போது, இடத்தை மிச்சம் பிடிக்க முன்னட்டை, பின்னட்டை, முழுக்க விளம்பரமாக இருக்கும் பக்கங்கள் இவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டிய வழக்கம் உண்டு. அந்தத் தொகுதிகளைத்தான் பின்னால் மைக்ரோஃபிலிமாக, ஸ்கேனாக எடுத்தார்கள். ஆக, நாம் திரையில் பார்க்கிற 1935 வேறு, அன்றைக்கு வாசகர் தபாலில் பிரித்துப் பார்த்த 1935 வேறு. கட்டுரையாளர் விலையைச் சொல்லாமல் விடுவார், கம்பெனி விளம்பரத்தில் விலை இருக்கும். கட்டுரையாளர் கையில் இருந்த ஒரே ஒரு துப்பாக்கியை வர்ணிப்பார், விளம்பரத்தில் எத்தனை நீளத்தில், என்னென்ன பிடியோடு வாங்கலாம் என்று இருக்கும். எந்த மாதத்தில் ஒரு வசதி சேர்ந்தது, எந்த மாதத்தில் அது சத்தமில்லாமல் காணாமல் போனது என்பதற்கு விளம்பரத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. விளம்பரம் புளுகும்தான், ஆனால் விலையில் புளுகாது. அதனால் கட்டிய தொகுதியில் கட்டுரை கிடைத்துவிட்டது என்று நின்றுவிடாமல், அதே மாதத்தின் தனி இதழ் ஒன்றை எங்காவது தேடிப் பிடித்துப் பின்னட்டை வரை பார்ப்பது என் பழக்கம்.

தனி இதழ் வாங்குவதற்கும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆன்லைனில் விற்ற ஒருவரிடம் வாங்கிய இதழ் ஒன்று பார்க்கப் பளிச்சென்று வந்தது, அட்டையில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே பின் அடித்த நடுப்பகுதிக்குச் சற்று முன்னால் இரண்டு தாளைக் கத்தரியால் நேர்கோடாக வெட்டி எடுத்திருந்தார்கள், ஓரத்தில் ஒரு விரல்கடை அகலத்துக்குத் தாள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. நான் தேடிய கட்டுரை அந்த இரண்டு தாளில்தான் இருந்தது. வேறு யாரோ ஒரு ரசிகர் எனக்கு முன்பே அந்தக் கட்டுரையை விரும்பியிருக்கிறார், என்ன செய்வது. பொருளடக்கப் பக்கத்தின் படத்தோடு திருப்தி அடையாமல், கட்டுரை தொடங்கும் பக்கத்தையும் "மீதி பின்னால்" என்று போய் முடியும் கடைசிப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுவது உத்தமம். இந்த "மீதி பின்னால்" பக்கத்தைக் கூகுளில் தேடுபவர்களும் தவறவிடுகிறார்கள். சுட்டுப் பார்த்த எண்கள், குறைகள் எல்லாம் பெரும்பாலும் அங்கேதான், ஷூ விளம்பரத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்.

சரி, அந்த 1,515 அடிக்கு வருகிறேன். அது பொய் இல்லை. 158 கிரெய்ன் எடைக் குண்டு, எட்டே முக்கால் அங்குலக் குழல். அந்த நீளத்தில் சுட்டபோது சொன்ன எண் அது. எட்டே முக்கால் அங்குலக் குழலை இடுப்பில் கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார முடியுமா? போலீஸ்காரர்கள் வாங்கியது மூன்றரை, நாலு, ஐந்து அங்குலம். குழல் குறைந்தால் வேகமும் குறையும். பிற்காலத்தில் தோட்டா கம்பெனிகள் நாலு அங்குலக் குழலில், சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி வழியாக வாயு கசிவதையும் சேர்த்து அளக்க ஆரம்பித்தபோது அதே எடைக் குண்டுக்கு 1,235 அடி என்று போட்டார்கள். இதைப் பார்த்துவிட்டு "அந்தக் காலத்துத் தோட்டாவே தோட்டா, இப்போது எல்லாம் நீர்த்துவிட்டது" என்று புலம்புபவர்கள் ஒரு பக்கம், "அன்றைக்கு விட்டதெல்லாம் கதை" என்பவர்கள் இன்னொரு பக்கம். தோட்டா ஓரளவு மிதமானதும் உண்மைதான், ஆனால் வித்தியாசத்தில் பெரிய பங்கு குழல் நீளத்தோடும் அளந்த விதத்தோடும் போகிறது. பழைய கட்டுரையில் வேகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் குழல் நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணை எடுத்து எழுதாதீர்கள். அழுத்தக் கணக்கும் இப்படித்தான். அன்றைக்குச் செம்பு உருளை எவ்வளவு நசுங்கியது என்பதை வைத்து அளந்தார்கள், இன்றைக்கு மின் உணர்வி. இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது.

இதோடு ஒட்டி ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துக் கட்டுரைகளில் எவ்வளவு வெடிமருந்து போட்டேன் என்று அள்ளி வழங்கியிருப்பார்கள், கீத் அதில் தாராளப் பிரபு. அவை சரித்திரமாகப் படிக்க மட்டும். மருந்தின் தயாரிப்பு மாறிவிட்டது, உறைகள் மாறிவிட்டன. அந்த அளவுகளை எங்கேயும் மறுபிரசுரம் செய்யாமல் இருப்பது நல்லது.

இந்த ரிவால்வரை யார் உருவாக்கியது என்ற தகராறு பற்றி உங்கள் கட்டுரை ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஷார்ப் ஒரு கதை சொல்வார், கம்பெனி ஒன்று சொல்லும், கீத் எதையும் விட்டுக்கொடுக்காத மனிதர். டக்ளஸ் வெஸ்ஸன் தானே எட்டே முக்கால் அங்குல மேக்னத்தைத் தூக்கிக்கொண்டு எல்க், மூஸ் என்ற பெரிய மான்களை வேட்டையாடப் போனார், அந்த வேட்டைக் கதை கம்பெனிக்கு விளம்பரமாகவும் ஆனது. இவர்கள் எல்லாரும் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தவர்கள். யார் சொல்வது சரி என்று முடிவு கட்டுவதைவிட மாத வரிசையில் வைத்துப் படித்தால் சுவாரசியம். 1935-இல் "நாங்கள்" என்று எழுதியவரே பல வருஷம் கழித்து "நான்" என்று எழுத ஆரம்பித்திருக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வி-பதில் பகுதிகளையும் விட்டுவிடக் கூடாது. "அமெரிக்கன் ரைஃபிள்மன்" இதழின் "டோப் பேக்" பகுதி போன்றவை தங்கச் சுரங்கம். கட்டுரை எழுதியவர்களுக்கு கம்பெனி துப்பாக்கி அனுப்பியிருக்கும், கேள்வி கேட்டவர் சொந்தக் காசு 60 டாலரைக் கொடுத்தவர். ஆரம்ப காலத்து ஈயக் குண்டுகள் குழலுக்குள் ஈயத்தைப் பூசிவிடுகின்றன, தேய்த்து எடுக்கவே ஒரு சாயங்காலம் போகிறது என்பது அன்றைய மேக்னக்காரர்களின் நிரந்தரப் புலம்பல். பாராட்டுக் கட்டுரைகளை மட்டும் வாசித்தால் இந்தத் துப்பாக்கி வானத்திலிருந்து இறங்கியது போலத் தோன்றும்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் பிறகு கொண்டுவந்த .44 மேக்னத்துக்கும் இதே கதிதான். 1956-இல் அது சந்தைக்கு வந்தது, போட்டிக் கம்பெனிக்காரர் ரூகரும் அதே வருஷம் தன் .44-ஐக் கொண்டுவந்துவிட்டார். ரகசியம் எப்படிக் கசிந்தது என்பதற்கு, பழைய இரும்புக் கிடங்கில் யாரோ காலித் தோட்டா உறையைக் கண்டெடுத்தார்கள் என்று ஒரு கதை, தோட்டா செய்த ரெமிங்டன் கம்பெனியின் ஆள் ஒருவரே நீட்டினார் என்று இன்னொரு கதை. பின்னால் சொன்னவர்கள் ஆளுக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, 1971-இல் கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் "டர்ட்டி ஹாரி" படம் வந்தபின் அந்த ரிவால்வரைப் பற்றிய எழுத்தின் குரலே மாறியது. அதற்கு முன்பு அது வேட்டைக்காரர்களின் சமாச்சாரம்: எவ்வளவு உதைக்கிறது, மான் எத்தனை கஜத்தில் விழுந்தது. பின்னால் வந்தவை பெரும்பாலும் சினிமாவின் நிழலில் எழுதியவை. .44 பற்றித் தேடுபவர் 1971-க்கு இந்தப் பக்கம் வரவே வேண்டாம் என்பேன்.

கடைசியாக ஒன்று, உங்கள் அலுவலகத்துக்கு நேரடியாக உதவும். அமெரிக்காவில் 1964-க்கு முன் வெளியானவற்றுக்குப் பதிப்புரிமை முதலில் 28 வருஷம்தான். அப்போது புதுப்பித்தால்தான் நீடிக்கும், புதுப்பிக்காதவை பொதுச் சொத்து. 1935-இல் வந்த இதழுக்கு 1960-களின் தொடக்கத்தில் புதுப்பித்தார்களா என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தின் பழைய பட்டியல்களில் பார்க்கலாம், அவை ஸ்கேனாகவே கிடைக்கின்றன. பத்திரிகை புதுப்பிக்காவிட்டாலும் எழுதியவர் தன் கட்டுரையைத் தனியாகப் புதுப்பித்திருக்கலாம், அதனால் இரண்டு பெயரிலும் தேட வேண்டும். இரண்டிலும் இல்லை என்றால் அந்தப் பக்கத்தையே படமாக எடுத்து நீங்கள் அச்சிடலாம், அமெரிக்கச் சட்டப்படி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால் ஒரு பழைய பக்கத்தையாவது, எந்த இதழ், எந்த மாதம் என்ற விவரத்தோடு போடுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது, வெட்டத்தான் செய்வீர்கள். .44 பற்றிய பத்தியையும் அவுட்டோர்ஸ்மன் வேடிக்கையையும் தாராளமாக எடுத்துவிடுங்கள். குழல் நீளம் பற்றிய பத்தியில் மட்டும் கை வைக்காதீர்கள், எண்களை ஒருமுறை சரிபார்த்து அச்சேற்றச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்